பொதுநிலமும் பீடைநாசினியும்

தன் வயலுக்குப் பீடைநாசினி தெளிக்கும் கமக்காரன் இலாபத்தையும் இழப்பையும் தானே எடைபோடுகின்றான். அயலவனின் வாய்க்காலை அவன் மறந்துவிடுகின்றான் என்று குறை கூறலாம்; எனினும், தீர்மானித்தவனும் அதன் முதல் விளைவை ஏற்பவனும் அவனே. வீதியோரத்திலும் மயானத்திலும் சந்தை வளவிலும் ஒரு மாநகர சபை நஞ்சு தெளிக்கும்போதோ தீர்மானிப்போர் வேறு, சுவாசிப்போர் வேறு. பொதுநிலத்தில் நஞ்சிடும் அதிகாரம் எந்த நியாயத்தின்மேல் நிற்கின்றது என்னும் வினா இங்கே எழுகின்றது.

மட்டக்களப்பில் இவ்வினா ஏட்டளவில் அடங்குவதன்று. புளியந்தீவு நாற்புறமும் நீர் சூழ்ந்தது. நகரின் வடிகான்கள் வாவியை நோக்கியே சரிகின்றன. எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் ஆழமற்றவை. மேலே சிந்தியது கீழே இறங்க நெடுநாள் வேண்டுவதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் முகத்துவாரம் கோடையில் மணல்மேடிட்டு அடைபடுவதுமுண்டு. அக்காலத்தில் வாவியிற் கலந்தது எளிதிற் கடல் சேராது. இறாலும் நண்டும் நுளம்பைப் போலவே கணுக்காலிகள். நுளம்பின் நரம்பைத் தாக்கும் மலத்தியன் அவற்றை வேறுபிரித்து அறிவதில்லை. படுவான்கரை வயல்களிலிருந்து வடியும் இரசாயனங்களோடு ஒப்பிட நகரின் பங்கு சிறிதே என வாதிடலாம். வாதம் பொருந்துமாயினும், பிறர் செய்யும் பெருங்கேடு சபையின் சிறு கேட்டுக்கு அனுமதிச்சீட்டாகாது.

இதனால் நஞ்சையே ஒதுக்கிவிட வேண்டுமென்பாரின் கூற்றும் வரலாற்றின்முன் நிலைபெறாது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946இல் டி.டி.ரீ. தெளிப்புத் தொடங்கிற்று. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. பின்னர் தெளிப்பு நிறுத்தப்பட்டது, விழிப்பும் தளர்ந்தது, 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. மலேரியா அற்ற நாடென்னும் சான்று இலங்கைக்கு 2016இலேயே கிடைத்தது. கொல்லாமையை இங்கு மேற்கோள் காட்டுவோர் இவ்வெண்களையும் எதிர்கொள்ள வேண்டும். வினா நுளம்பின் உயிரைப் பற்றியதுமன்று.

பயன் கருதி நஞ்சை நியாயப்படுத்துவோர் அப்பயன் மெய்யாகவே விளைகின்றதா என்று காட்டக் கடமைப்பட்டவர். டெங்குவுக்கான புகையூட்டல் இச்சோதனையில் தடுமாறுகின்றது. டெங்கு நுளம்பு பெரும்பாலும் வீட்டினுள்ளே திரைச்சீலையின் பின்னும் கட்டிலின் கீழும் தங்குவது. வீதியிற் செல்லும் புகை அங்கே முழுமையாகச் சென்றடைவதில்லை. சிரட்டையிலும் ரயரிலும் நெளியும் குடம்பியைப் புகை தொடுவதேயில்லை. நோய் பரவும் அவசர வேளைக்குரிய துணைக்கருவியாகவே உலக சுகாதார நிறுவனமும் இதனைக் கருதுகின்றது. 1,80,000இற்கும் மேற்பட்டோர் நோயுற்ற 2017 போன்ற ஆண்டில் அதனை விலக்குதல் இயலாது. ஆனால் மக்கள் புகையைக் கேட்கின்றனர், புகை கண்ணுக்குத் தெரிகின்றது என்பதற்காகவே இயந்திரம் ஒழுங்கைக்குள் அனுப்பப்படுமாயின், அங்கே நடப்பது சிகிச்சையன்று, சடங்கு. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வளவில் நீர் தேங்கவிட்ட வீட்டுக்காரனை மன்றில் நிறுத்த இடமளிக்கின்றது. குப்பை அள்ளப்படாத பொதுவளவுக்கு யாரை நிறுத்துவது?

தெளிக்கும் தொழிலாளி இவ்விவாதங்களில் அரிதாகவே நினைக்கப்படுகின்றான். 1976இல் பாகிஸ்தானின் மலேரியா ஒழிப்புப் பணியில் ஏறத்தாழ 7,500 தெளிப்பாளர்களுள் 2,800 பேரளவில் நஞ்சேறினர், ஐவரேனும் இறந்தனர். மலத்தியனில் உண்டாகியிருந்த ஒரு மாசுப்பொருள் அதன் நச்சுத்தன்மையைப் பெருக்கியிருந்தது; நனைந்த உடையும் வெறுங்கையும் எஞ்சியதைச் செய்தன. எந்த மனிதனையும் வெறுங் கருவியாக நடத்தலாகாது என்ற கான்றின் கோட்பாடு வகுப்பறையில் எளிதாக ஒப்புக்கொள்ளப்படுவது. நாட்கூலிக்காரனுக்குக் கையுறை கொடுக்கும்போதே அது பொருள்பெறுகின்றது.

களைநாசினியின் நிலை வேறு. வீதியோரப் புல்லினால் எவரும் மாள்வதில்லை. மண்வெட்டிக்கும் ஆட்கூலிக்குமான செலவே அங்கு மிச்சமாகின்றது. கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அனுமதிக்கப்பட்டு, 2022இல் முற்றாகத் தடைநீங்கிற்று. வரண்ட வலயத்துச் சிறுநீரக நோய் பற்றிய அச்சமே 2015இன் தடைக்குத் தூண்டுதலாயிற்று; அந்நோய்க்கும் அக்களைநாசினிக்குமுள்ள தொடர்பு இன்றும் அறிஞரிடையே முடிவுறாதது. உயிர் காக்கும் தேவையிருக்கும்போது ஐயத்துடனேனும் செயற்படலாம். சிறு செலவை மிச்சம்பிடிப்பதற்காக அதே ஐயத்தை அயலவனின் கிணற்றின்மேல் சுமத்த எவருக்கும் உரிமையில்லை. மேலும் அந்தப் புல்லை ஆடு மேய்கின்றது.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன்கீழ் அமைந்த பதிவாளரும் எந்த நஞ்சு நாட்டினுள் வரலாமெனத் தீர்மானிக்கின்றனர். எண்டோசல்பான் 1998இல் விலக்கப்பட்டமை அவ்வழியில் விளைந்த நன்மை. ஆயினும் இன்று எந்த ஒழுங்கை, எந்த நேரம், காற்று எத்திசை என்பன கொழும்பிலிருந்து தீர்மானிக்கத்தக்கவையல்ல. தெளிக்கப்படும் நாளையும் இடத்தையும் மருந்தின் பெயரையும் அளவையும் முன்னதாக அறிவித்து, எவரும் பார்வையிடத்தக்க பதிவேட்டில் எழுதிவைத்தல் ஒரு சபைக்குப் பெருஞ்செலவன்று. பாலமீன்மடுவில் வலை வீசுபவன் அப்பதிவேட்டைப் புரட்டிக் கேள்வி கேட்கும் நாளில், சபை அவனுக்கு விடை கூறவேண்டியிருக்கும்.