ஆச்சி சொன்ன ஓம்

ஒலிப்பதிவின் நீளம் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். பரமட்டாவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னால் எங்கோ கேத்தில் கொதித்து விசிலடிக்கிறது. ஓர் இளைஞன் ஆங்கிலத்தில் இடைவிடாமல் கதைத்துக்கொண்டே போகிறான். மாத வாடகை இவ்வளவு, உள்ளூர் அழைப்புக்கு இத்தனை சதம், இலங்கைக்கு நிமிடத்துக்கு இத்தனை. அவன் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் ஒரு வயோதிபப் பெண்ணின் குரல் வருகிறது: “ஓம்... ஓம்... ஓம்.” எண்ணிப் பார்த்தேன். பதினொரு ஓம், ஒரேயொரு “யெஸ்”. அந்த யெஸ்ஸும், இந்த விலாசத்தில்தான் இருக்கிறீர்களா என்ற கேள்விக்கு வந்தது.

அந்தப் பதிவின் பேரில், வென்ட்வொர்த்வில்லில் தனியே இருந்த ஓர் ஆச்சியின் தொலைபேசி இணைப்பு ஒரு நிறுவனத்தின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்குப் போய்விட்டது. வாங்கிய நிறுவனம் நான் சம்பளம் வாங்கிய நிறுவனம். அந்த ஓடரைக் கணினியில் ஏற்றியதும் நான்தான். 2003ஆம் ஆண்டு.

எங்கள் வேலை எப்படி நடந்தது என்று சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் 1997 ஜூலை 1 முதல் தொலைபேசித் துறை முழுதாகத் திறந்துவிடப்பட்டது. கம்பி அப்போது டெல்ஸ்ட்ரா என்ற பெரிய நிறுவனத்தினுடையதாக இருந்தது. எங்களைப்போன்ற சிறு நிறுவனங்கள் அந்தக் கம்பியை மொத்த விலைக்கு எடுத்து வீடுகளுக்குச் சில்லறையாக விற்றன. ஒரு வீட்டுக்காரர் எங்களிடம் மாறினால் அந்த வீட்டு வாசலுக்கு எவரும் போவதில்லை, தெருவுக்கடியில் கிடக்கும் செம்புக் கம்பியை எவரும் தொடுவதில்லை. பகலில் சேர்ந்த ஓடர்களையெல்லாம் ஒரு கோப்பாக்கி மொத்த விற்பனைப் பக்கத்துக் கணினிக்கு அனுப்புவோம். ஏற்றது, ஏற்காதது என்று பதில் வரும். ஏற்காவிட்டால் ஒரு காரணக் குறியீடு: எண் பொருந்தவில்லை, கணக்கு பொருந்தவில்லை. ஏற்றுவிட்டால் அந்த வீட்டுக்கு இனி நாங்கள் பில் அனுப்புவோம். பழைய நிறுவனத்துக்கு, உங்கள் வாடிக்கையாளர் போய்விட்டார் என்று ஓர் அறிவித்தல் போகும். அதே டயல் ஓசை, அதே எண். வீட்டுக்காரருக்கு ஒரு மாதம்வரை எதுவுமே தெரியாமலும் இருக்கலாம்.

இந்த மாற்றத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ‘சர்ன்’ என்று பெயர். சர்ன் என்றால் கடைதல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குப் பாற்கடல் ஞாபகத்துக்கு வந்தது. அமுதத்துக்காகத் தேவரும் அசுரரும் இரண்டு பக்கமும் நின்று இழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். நடுவில் கயிறாகக் கிடந்த வாசுகியைப் பற்றி, அது நஞ்சைக் கக்கும்வரை எவரும் கேட்கவில்லை.

ஓடர் படிவத்தில் நிறையப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்று, வாடிக்கையாளர் அனுமதி தந்த தேதி. தேதி மட்டும். எந்த மொழியில் கேட்டார்கள், அவருக்கு விளங்கியதா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கணினி கேட்பதில்லை. தேதி இருந்தால் ஓடர் போகும், இல்லாவிட்டால் திரும்பி வரும். அனுமதிக்கான ஆதாரத்தை வாங்கும் நிறுவனம் வைத்திருக்கவேண்டும், பிணக்கு வந்தால் காட்டவேண்டும் என்பது தொழில்துறை விதி. அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயமும் உண்டு. சம்மதத்தை முதலில் சரிபார்க்கும் உரிமையை இழக்கும் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால், அது எவரையும் இலகுவில் போகவிட்டிருக்காது. ஆகவே வாங்குபவரை நம்பித்தான் முழு அமைப்பும் ஓடியது. அந்தப் பெட்டியில் நான் ஆயிரக்கணக்கான தேதிகளை இட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் எங்கோ ஒருவர் தலையசைத்த கணம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆச்சி தொலைபேசியில் வந்தபோது தமிழ் தெரிந்தவள் என்று என்னிடம் மாற்றிவிட்டார்கள். இரண்டு நிறுவனங்களிலிருந்தும் பில் வந்திருக்கிறது. பென்ஷன்காரருக்கு இருந்த சலுகை நின்றுபோயிருக்கிறது.

“பிள்ளை, நான் ஒண்டுக்கும் ஓமெண்டு சொல்லேல்லை,” என்றார். “அந்தத் தம்பி கதைச்சுக்கொண்டே இருந்தார். நான் ஓம் ஓமெண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். ஒரு மனுசன் கதைக்கேக்கை பேசாமல் போனை வைக்கிறது மரியாதை இல்லைத்தானே?”

மேலாளர் ஒலிப்பதிவை எடுத்துப் போட்டார். விற்பனை மெல்பர்ன் பக்கத்துக் குழுவினுடையது. பதினொரு தடவை திரும்பத் திரும்பச் சொல்கிறாரே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். ‘யெஸ்’ என்று சொன்னேன். அகராதியைத் திறந்தாலும் அதுதான் இருக்கும். அப்படியானால் பிரச்சினை இல்லையே என்று அவர் எழுந்து போனார். உண்மையைச் சொல்லி ஒரு பொய்க்குத் துணைபோய்விட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அன்று இரவு நித்திரை வரவில்லை.

தமிழ்நாட்டில் ஆமாம் என்பதை யாழ்ப்பாணத்தில் ஓம் என்கிறோம். சந்தையில் மீன் விலைக்கும் ஓம், பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிட்டால் ஓம், கோயிலிலும் ஓம். சாந்தோக்கிய உபநிடதம் தொடக்கத்திலேயே ஓங்காரத்தை அனுமதியின் எழுத்து என்று சொல்கிறது. எதற்காவது ஒருவர் இசையும்போது சொல்வது ஓம் என்பதுதான் என்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் ஓம் சொல்லும் இடங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒருவர் கதை சொன்னால் கேட்பவர் ஓம் போடுவார். நான் இங்கே இருக்கிறேன், உன் குரல் கேட்கிறது, மேலே சொல்லு என்பதே அதன் பொருள். இறைவன்முன் நின்று சொல்லும் ஓமும் இதற்குக் கிட்டியதுதான். அங்கே எந்த உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்து வைப்பதில்லை. வந்திருக்கிறேன் என்று சொல்கிறோம். ஆச்சி அந்தப் பெடியனுக்குக் கொடுத்ததும் அதைத்தான். முகம் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்த காதை நாங்கள் கையொப்பமாக மாற்றி விற்றோம்.

சம்மதம் என்பது என்ன என்று அந்த நாட்களில்தான் நான் முதன்முதலாக யோசித்தேன். சைவ சித்தாந்தம் உயிருக்கு மூன்று ஆற்றல்களைச் சொல்கிறது: இச்சை, ஞானம், கிரியை. விரும்பவேண்டும், அறியவேண்டும், செய்யவேண்டும். ஆச்சியின் ஓமில் கடைசியானது மட்டும் இருந்தது. வாய் அசைந்தது, ஒலி பிறந்தது. அறிவும் இல்லை, விருப்பமும் இல்லை. இதை அளவுகோலாக வைத்தால் அந்தத் தேதி பொய்த் தேதி.

ஆனால் அந்த அளவுகோலை என் வாழ்க்கைமேல் வைத்துப் பார்த்தபோது எதுவுமே மிஞ்சவில்லை. என் அம்மா பத்தொன்பது வயதில் கலியாணத்துக்கு ஓம் என்றா. அப்பாவை அதற்கு முன் ஒருதடவைதான் பார்த்திருந்தா. என்ன விரும்பி, என்ன அறிந்து சொன்னா? கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து நான் நிரப்பிய விசாப் படிவத்தில் எதற்கெல்லாம் சம்மதித்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முழுதாக அறிந்தபின்தான் சம்மதம் என்றால் மனிதர் எவரும் எதற்கும் சம்மதித்ததாகவே இராது. ஆணவ மலத்தின் இருட்டுக்குள் இருக்கும் உயிர் பாதி அறிவோடுதான் ஓம் சொல்லும். அதுவும் சித்தாந்தம் சொல்வதுதான். அப்படியிருக்க, என் அம்மாவின் ஓமும் ஆச்சியின் ஓமும் எங்கே வேறுபடுகின்றன?

கொக்குவிலில் எங்கள் கோயிலில் புராணபடிப்பு நடக்கும். ஒருவர் பாட்டைப் படிக்க இன்னொருவர் பயன் சொல்வார். பயன் சொன்னவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் மிகவும் விரும்பிச் சொன்னது பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட பகுதி. அதை இரவோடிரவாகத் திரும்ப நினைத்தபோது, சின்ன வயதிலிருந்து கேட்ட கதை முற்றிலும் வேறு கதையாகத் தெரிந்தது.

புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நடக்கப் போகிறது. ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரருக்கு எதுவும் தெரியாது. எதற்கும் அவர் ஓம் சொல்லவில்லை. ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார். வாடிக்கையாளர் அறியாமல் ஆளை மாற்றிக்கொள்வதென்றால் அதைவிடப் பெரிய மாற்றம் உண்டா? ஒரு மனிதனையே முழுதாக எடுத்துக்கொள்வது! அதையும் பரம்பொருளே செய்கிறது. கயிலையில் சுந்தரரே முன்பு வேண்டிக்கொண்டதுதான், அவர் மறந்துவிட்டார் என்று சேக்கிழார் சொல்கிறார். எங்கள் விற்பனைப் பெடியனும் இதைத்தானே சொன்னான்? நீங்கள் ஓம் சொன்னீர்கள், மறந்துவிட்டீர்கள் என்று?

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவர் இல்லாதபடியால் கதையின் மிச்சத்தைத்தான் கேட்கவேண்டியிருந்தது. கிழவர் ஓலையைக் காட்டிவிட்டு ஓடிப்போகவில்லை. உன் ஊர் எது என்று கேட்டபோது திருவெண்ணெய்நல்லூர் என்று சொல்கிறார், எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறார். சபையின் முன் நிற்கிறார். வழக்கம், ஆவணம், கண்ட சாட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபையார் கேட்கிறார்கள். கிழிந்தது படியோலை, மூலஓலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்கிறார். பாட்டனுடைய வேறு எழுத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சுந்தரருக்குப் பேச, மறுக்க, திட்ட, கிழிக்க எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பித்தன் என்று ஏசிய சொல்லைக்கூட இறைவன் தள்ளவில்லை. அதையே முதற் சொல்லாக வைத்துப் பாடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

உலகத்தையே உடையவன் உரிமை கேட்க வரும்போது கிழவனாகி, சபை ஏறி, மூலஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஓம் சொன்னவரின் அறிவை அளந்துகொண்டிருந்த நான் பிழையான ஆளை அளந்திருந்தேன். ஓம் வாங்கியவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் அளந்திருக்கவேண்டும். என் அம்மாவிடம் ஓம் வாங்கிய அப்பா நாற்பது வருடம் அந்த ஓமுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வாழ்ந்தார். எங்கள் நிறுவனத்தின் பெடியன் பெயரை மட்டும் சொன்னான். ஊரைச் சொல்லவில்லை.

இந்த நாட்டிலும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைபோல் ஒன்று உண்டு. 1993இல் தொலைபேசித் துறைக்கென்று குறைகேள் அலுவலகம் ஒன்றை அமைத்தார்கள். முறையிடுபவருக்குக் கட்டணம் இல்லை, செலவு நிறுவனங்களுடையது. பின்னால் சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆச்சி பக்கம் வந்தது. வேண்டாத விற்பனை அழைப்புகளைத் தடுக்க 2007இல் பதிவேடு ஒன்று வந்தது. அழைக்காமலே வந்து விற்றால், பத்து வேலைநாட்களுக்குள் மனம் மாறலாம் என்று 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டம் சொல்கிறது. சொன்ன ஓமைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு மனிதருக்குப் பத்து நாள். எனக்கு அதை வாசித்தபோது கண் கலங்கியது. கைத்தொலைபேசி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டுபோகும் வசதி 2001 செப்டம்பர் 25இல் வந்தது. அந்த வசதியைக் கள்ளரும் பாவித்தார்கள். பிறருடைய எண்ணைத் தம்மிடம் மாற்றி, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் 2020 ஏப்ரல் 30 முதல், எண்ணை மாற்றுமுன் கேட்பவர் உண்மையில் உரியவர்தானா என்று மேலதிகமாக உறுதிப்படுத்தியே ஆகவேண்டும். தேதி போட்டால் போதும் என்ற காலம் அதோடு போய்விட்டது.

2003இல் இவற்றில் பாதிக்குமேல் இல்லை. மறுநாள் மேலாளரிடம் போய், நேற்று நான் சொன்ன மொழிபெயர்ப்பு பிழை என்றேன். ஓம் என்ற சொல்லுக்கு ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றும் அர்த்தம் உண்டு, அந்தப் பதிவில் அதுதான் அர்த்தம், குறைகேள் அலுவலகம் கேட்டாலும் எழுதித் தருவேன் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்.

திருப்பிக் கொடுக்கவும் ஆச்சியின் அனுமதி வேண்டும். மறுபடியும் அதே பெட்டி. தொலைபேசியில் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே வென்ட்வொர்த்வில்லுக்குக் காரை விட்டேன். குசினி மேசையில் கடிதத்தை வைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஆச்சி ஒவ்வொரு வரிக்கும் ஓம் போட்டுக்கொண்டிருந்தார். முடிவில் நான் கேட்டேன்: “ஆச்சி, இது கேக்கிற ஓமோ, செய்யச் சொல்லுற ஓமோ?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பேனையை எடுக்கவில்லை.

“இதிலை நான் கையெழுத்து வைச்சால் அந்தத் தம்பியின்ரை வேலைக்கு ஏதும் வருமோ?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து இருந்தார். தேத்தண்ணி குடித்து முடிக்குமட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு பேனையை வாங்கி, பெயரைத் தமிழில் முழுதாக எழுதினார். தேதியையும் தானே போட்டார்.