வேண்டாம் என்கிற சொல்

என் ஆயுளில் எத்தனையோ பேரிடம், எத்தனையோ பண்டங்களை, ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறேன். வயிறு நிறைந்திருந்ததால் சொன்னதுண்டு. வைத்தியர் தடுத்ததால் சொன்னதுண்டு. சமைத்தவரின் கைப்பக்குவத்தை முன்பே அறிந்திருந்ததால் சொன்னதும் உண்டு. அவையெல்லாம் மறந்துவிட்டன. ஒரே ஒரு ‘வேண்டாம்’ மட்டும் தொண்டையில் தைத்த மீன்முள்ளைப் போல இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். கடலூர் முதுநகரில் ஒரு நண்பர் வீட்டில் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சிதம்பரம் போய், அங்கிருந்து பிச்சாவரத்துக்கு பஸ் ஏறினேன். கிள்ளைக்குச் சற்று முன்னால் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. சாலை ஓரத்தில் இருந்த ஒரு குடிசையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அது இருளர் வீடு. அந்தப் பக்கத்து உப்பங்கழியில் இடுப்பளவு நீரில் இறங்கி, வலையோ தூண்டிலோ இல்லாமல், வெறும் கையாலேயே சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் அவர்கள்.

உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்தாள். முதல் நாள் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பிய ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, இறகு போகப் புடைத்து, அரிசியோடு சேர்த்து வறுத்திருந்தாள். ஒரு தேக்கிலையில் கைநிறைய அள்ளி வைத்து நீட்டினாள்.

“சாப்பிடுங்க சாமி, சூடா இருக்கு.”

“வேண்டாம் ஆயா.”

“ஏன் சாமி, சைவமா?”

“ஆமாம்” என்றேன்.

அன்று பகல் என் இலையில் விழுந்தது நண்டுக் குழம்பு. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

கிழவியின் முகம் வாடிவிட்டது. “தெரியாம நீட்டிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிப் பேரனிடம் கொடுத்தாள். பையன் ஒரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடினான். திரும்பி வந்தபோது அவன் கையில் இரண்டு வாழைப்பழங்கள் இருந்தன. சைவச் சாமிக்கு வாங்கியவை. நான் பணம் எடுத்து நீட்டினேன். “வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்குவாங்களா சாமி?” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பையன் நனைந்த தலையோடு, நான் பழம் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது அவ்வளவுதான். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் சில காலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிடிக்காததை ஒருவன் மறுப்பது அவனுடைய சுதந்திரம் அல்லவா?

சுதந்திரந்தான். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தபோது என்னிடம் நாணயமான பதில் ஒன்றும் இல்லை. ருசி பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நாக்கில் வைக்கவே இல்லையே! பூச்சி என்பதுதான் குற்றமென்றால், உயிர் நூல் படித்தவர்கள் நண்டையும் இறாலையும் ஈசலையும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரிய பிரிவில்தான் சேர்க்கிறார்கள். சுத்தம் பற்றிப் பேசுவதானால், சேற்றில் கிடந்து செத்ததைத் தின்னும் நண்டை விட, மரத்தையும் சருகையும் தின்று வளர்ந்த ஈசல் ஒன்றும் குறைந்ததல்ல. உலகத்தில் குறைந்தது 200 கோடி மக்களின் வழக்கமான உணவில் பூச்சிகளுக்கு இடம் உண்டு என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் ஓர் அறிக்கையில் மதிப்பிட்டது.

நம் முன்னோர் வழக்கமில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பாரி மறைந்த பிறகு கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், கார்மழைக்குப் பின் செம்புற்று ஈசலை மோரில் புளிக்கச் சமைத்த உணவு, பறம்பு நாட்டின் வளங்களில் ஒன்றாக வருகிறது. தம்மை அந்தணன் என்றே சொல்லிக்கொண்ட கவி அவர். இழந்த நாட்டை நினைத்து ஏங்கும்போது அவருக்கு ஈசல் புளிங்கறி ஞாபகம் வருகிறது. எனக்கோ அதைக் கண்டதும் குமட்டுகிறது. ஆக, என் குமட்டலுக்கு நியாயம் கிடையாது. பழக்கம் மட்டுமே உண்டு.

பழக்கம் குற்றமல்ல. நான் செய்த குற்றம் வேறு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு வடலூர் உதவியது.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், புலால் மறுப்பில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர். அவர் மறுப்புக்குக் காரணம் அருவருப்பு அல்ல. கொல்லப்படும் உயிரின் துன்பம். கொன்று தின்பவர்களைத் தம் உறவினத்தார் அல்லர், புறவினத்தார் என்று கடுமையாகவே சொன்னார். ஆனால் அதே மூச்சில், அவர்களுக்கும் பசியைத் தவிர்த்தாக வேண்டும் என்றார். 1867-இல் அவர் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவன் நேற்று என்ன தின்றான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் ‘வேண்டாம்’ என்பதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று கருணையில் பிறந்தது. அது தின்னப்படும் பிராணியைப் பார்க்கிறது. மற்றொன்று அருவருப்பில் பிறந்தது. அது வெகு சீக்கிரத்தில் பிராணியை விட்டுவிட்டு, தின்கிற மனிதனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ‘இதைத் தின்கிறாயா?’ என்பது ‘இதைத் தின்கிறவனா நீ?’ ஆவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. இந்த நாட்டில் எத்தனை தெருக்கள் இந்த ஒரு கேள்வியால் பிரிந்து கிடக்கின்றன!

நான் செய்தது இன்னும் கேவலம். இரண்டாவது ஜாதி ‘வேண்டாம்’ ஒன்றுக்கு முதல் ஜாதியின் வேஷத்தைப் போட்டுவிட்டேன். சைவம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தவமும் இல்லாமல், அந்தச் சொல்லுக்கு உரிய மரியாதையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அந்த மரியாதைக்கு விலை கொடுத்தவள், ஒருவேளை என் பகல் சாப்பாட்டு நண்டைச் சேற்றிலிருந்து எடுத்த கைகளுக்கு உறவானவள். தன் உணவுக்காக அவளே வெட்கப்படும்படி செய்தேன். “பழக்கமில்லை ஆயா” என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். பையன் நனைந்திருக்க மாட்டான்.

நீட்டியதையெல்லாம் தின்றுதான் ஆக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. விரதம் உள்ளவர் இருக்கிறார். உடம்புக்கு ஒவ்வாதவர் இருக்கிறார். கொல்லாமையை உள்ளத்தால் பற்றியவர் இருக்கிறார். அவர்கள் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். வாய் மறுப்பதால் யாருக்கும் இழுக்கில்லை. மறுக்கிறபோது நாம் ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

சிதம்பரத்தில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். சேந்தனார் விறகு வெட்டி விற்று, தினம் ஓர் அடியாருக்கு அன்னமிட்டவர். ஒருநாள் மழையில் விறகு நனைந்து விலை போகவில்லை. வீட்டில் இருந்த மாவைக் கிளறிக் களியாக்கி வைத்தார். வந்த அடியார் அதை விரும்பி உண்டார். மறுநாள் நடராஜர் சந்நிதியில் களி சிந்திக் கிடந்தது. அதனால்தான் மார்கழித் திருவாதிரைக்குக் களி. இன்று நாம் அதில் வெல்லமும் நெய்யும் முந்திரியும் சேர்த்துப் பணக்காரக் களியாக்கி, உச்சுக் கொட்டிச் சாப்பிடுகிறோம். கதையில் வருகிற அடியார், ‘எனக்குப் பழக்கமில்லை’ என்றுகூடச் சொல்லவில்லை. நானோ பொய்யே சொன்னேன்.

பின்னால் ஒரு சிநேகிதர் வீட்டில் ஈசல் வறுவல் தின்று பார்த்தேன். வறுத்த வேர்க்கடலை மாதிரி இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. யாரும் எனக்காக மழையில் நனையாத இடத்தில், நாலு பேர் வேடிக்கை பார்க்கத் தின்றது அது. கிள்ளைச் சாலையில் நான் பட்ட இரண்டு வாழைப்பழக் கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை.