ஒற்றைக்கொம்பு

போன மார்ச்சில் வீடு மாற்றும்போது, அப்பாவின் பழைய ரெக்ஸின் பைக்குள்ளிருந்து அம்மாவின் விடுதலைப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. ஐந்து பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் மட்டும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு ஒற்றைக்கொம்பு நிற்கிறது. பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. கொஞ்சம் இடம் விட்டு, 'சு' என்று இனிஷியல் போட்டு, அப்புறம் பெயர்.

'சு' அப்பாவின் இனிஷியல். தாத்தாவின் இனிஷியல் 'வெ'.

அன்றிலிருந்து அந்தக் கொம்பு என்னை விடவில்லை.

1992 மே மாதம் அது. கிழக்கு கிட்வாய் நகரில் அப்பாவுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மாமா ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். ஒரு மூட்டை புழுங்கலரிசி, ஒரு டின் நல்லெண்ணெய், அப்பளக்கட்டு, பைக்குள் பத்திரம். தாத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உயில் எழுதவில்லை. பன்னிரண்டு மா நஞ்செய், ஒரு ஓட்டு வீடு, எல்லாம் அவரே சம்பாதித்து வாங்கியது. பிள்ளைகள் இரண்டு பேர்தான், மாமாவும் அம்மாவும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இதில் பாதி அம்மாவுடையது. இது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய பத்திரம் ஒன்று. அவள் ஊர் வரை அலைய வேண்டாம் என்று, பதிவுக்கு ஆஜராக உறவுக்காரர் ஒருவர் பெயரில் பவர் ஒன்று.

அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாமா கூப்பிட்டதும் எழுந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் மாவு காய்ந்திருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த இனிஷியல்ண்ணே போடணும்?"

"இப்ப என்ன போடுறியோ அதையே போடும்மா."

போட்டாள். ஐந்து பக்கம். எனக்கு இருபது வயது. இரண்டாவது சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். மாமா அன்று ராத்திரி ஆறு சப்பாத்தி சாப்பிட்டார். மறுநாள் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பவரைப் பதிவு செய்தார்கள். அதற்கு மறுநாள் எல்லோரும் மலை மந்திருக்குப் போய்விட்டு வந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

கொம்பைப் பற்றி நான் இத்தனை யோசிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது அம்மாதான். பக்கத்து லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் சேர்வதற்கு முன்பே, குவார்ட்டர்ஸின் பின்முற்றத்தில் வேப்பமர நிழலில் உட்கார வைத்துச் சிலேட்டில் எழுத வைத்தாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எகர வரிசை வந்தபோது நான் திணறினேன். வாய் 'வெ' என்று சொல்கிறது, காதில் முதலில் விழுவது 'வ்'. கையோ கொம்பை அல்லவா முதலில் போட வேண்டியிருக்கிறது! பின்னால் என்ன எழுத்து வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் கொம்பைப் போட முடியும். "கொம்பைப் போட்டுட்டு யோசிக்காதே, யோசிச்சுட்டுக் கொம்பைப் போடு" என்பாள் அம்மா. அழித்து அழித்து சிலேட்டே வெளுத்துப் போகும்.

அப்படிச் சொன்னவள் கொம்பைப் போட்டிருக்கிறாள். அடுத்து 'வ' எழுதத்தான் போட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் பள்ளிக்கூட நோட்டில் எழுதிய இனிஷியல் அது. அப்பன் வீட்டுச் சொத்தைப் பற்றிய தாளைக் கண்டதும் கை தானாகப் பழைய இடத்துக்குப் போயிருக்கலாம். அல்லது முதல் இரண்டு பக்கம் கையெழுத்துப் போட்ட பிறகு மூன்றாம் பக்கத்தில் என்னவோ தோன்றியிருக்கலாம். அல்லது விரலில் இருந்த மாவு வழுக்கியிருக்கலாம். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கணம் எனக்கு நினைவே இல்லை.

பத்திரத்தின் வாசகத்தையும் படித்துப் பார்த்தேன். எல்லாப் பத்திரத்திலும் வருவதுதான். முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், அன்பினாலும் பாசத்தினாலும். அதில் பொய் என்று எதைச் சொல்வது? மாமா வற்புறுத்தவில்லை. குரல் உயர்த்திப் பேசிப் பழகாத மனுஷர். அதற்கப்புறமும் பொங்கல் சீர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது டெல்லியில் வந்து ஒரு மாதம் தங்கினார்.

இந்த இடத்தில் எனக்குச் சட்டப் பேராசிரியர் லோதிகா சர்க்கார் நினைவு வருகிறது. நான் சட்டம் படித்தவள் இல்லை, அவரைப் பார்த்ததும் இல்லை. 2013 பிப்ரவரியில் அவர் இறந்தபோது பத்திரிகைகளில் வந்த அஞ்சலிக் குறிப்புகளைப் படித்துத்தான் அவரைத் தேடிப் போனேன். அது டெல்லி கொதித்துக்கொண்டிருந்த காலம். டிசம்பரில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட அந்தப் பெண்ணை முதலில் வைத்திருந்த சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி கிட்வாய் நகருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாங்கள் காய்ச்சல் என்றால் ஓடிய ஆஸ்பத்திரி. அந்த டிசம்பரில் அதன் வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

லோதிகா 1923இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்த முதல் இந்தியப் பெண் என்று சொல்வார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் குற்றவியல் சட்டம் நடத்தினார். இந்தியப் பெண்களின் நிலையை ஆராய அரசு அமைத்த குழுவில் உறுப்பினர். 1974இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை நாட்டையே உலுக்கியது. ஆனால் அவருடைய பெயர் நிலைத்தது ஒரு கடிதத்தால். 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகியோரோடு சேர்ந்து இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதம். நான்கு சட்ட ஆசிரியர்களின் நான்கு கையெழுத்து.

கடிதம் மதுரா வழக்கைப் பற்றியது. 1972 மார்ச்சில், மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு மதுரா என்ற பழங்குடிப் பெண்ணை அழைத்து வந்தார்கள். தாய் தகப்பன் இல்லாதவள். பதினான்கிலிருந்து பதினாறுக்குள் வயது. புகார் கொடுத்தவர்களை அனுப்பிவிட்டு அவளை மட்டும் இருக்கச் சொன்னார்கள். இரண்டு காவலர்கள் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. கீழ்க்கோர்ட்டு விடுவித்தது, உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தண்டித்தது, 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. அந்த மூவர் அமர்வில் நம்மூர்க்காரர் பி. எஸ். கைலாசமும் ஒருவர். அவள் உடம்பில் காயம் இல்லை, ஆகவே அவள் எதிர்க்கவில்லை என்று தீர்ப்பு போனது.

அடங்கிப்போவது வேறு, சம்மதிப்பது வேறு என்று அந்த நான்கு பேரும் எழுதினார்கள். ராத்திரி நேரத்தில் காவல் நிலையத்துக்குள் தனியாக அடைபட்ட ஒரு சிறுமி கத்தவில்லை என்பதை எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியும் என்பதே அவர்கள் கேள்வி. பயத்தில் தரும் சம்மதம் சம்மதமே அல்ல என்று 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆனாலும் நீதிமன்றம் காயத்தைத்தான் தேடியது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடம்பால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றையே வைத்துச் சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது என்று சட்டப் புத்தகத்தில் தெளிவாக ஏறியது 2013இல்தான். லோதிகா கண்மூடிய அதே வருஷம். கடிதத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் முப்பத்து நான்கு ஆண்டு.

1981இல் ஆக்ராவில் பெண்கள் காப்பகம் ஒன்றின் அவல நிலையைப் பற்றி அவரும் பக்ஷியும் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாகவே ஏற்றுக்கொண்டது. கடிதமும் கையெழுத்துமாகவே அவர் வாழ்க்கை போயிருக்கிறது என்று தோன்றும் எனக்கு.

அதனால்தான் அவருடைய கடைசிக் காலத்துக் கதை என்னை அதிகம் வருத்தியது. கணவர் சஞ்சல் சர்க்கார் இறந்த பிறகு, தள்ளாத வயதில், ஹௌஸ் காஸ் வீடு அவர் கையைவிட்டுப் போயிருந்தது. குடும்பத்தோடு ஒட்டிப் பழகியவர்கள் பக்கம் பத்திரம் இருந்தது. பத்திரத்தில் கையெழுத்து இருந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சம்மதம் என்றால் என்னவென்று பாடம் நடத்தியவர்! நண்பர்களும் பழைய மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதே என்று யாரும் விலகிப் போகவில்லை. போராடி வீட்டை மீட்டுக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு அப்படிக் கேட்க ஆள் இருந்ததா? நான் இருந்தேன், சாட்சியாக.

பீனா அகர்வால் 1994இல் பெண்களுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். முழுதும் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. தென்னாசியா முழுக்கப் பெண்கள் அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். ஒரு நாள் புருஷன் வீட்டில் நிற்க முடியாமல் போனால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்பதற்காக. அம்மாவும் இதைத்தான் வேறு மாதிரி சொல்வாள். "ஆறு மா நிலத்தை வச்சு நான் டெல்லியில என்ன பண்ண? அண்ணன் வீடு வேணும்ல" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. கிட்வாய் நகர் வீடு அப்பாவின் வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். அவள் பெயரில் எங்கும் ஒரு கல்கூட இல்லை. அப்படிப்பட்டவள் அண்ணன் வீட்டு வாசலைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்த விலையை அன்பு என்பதா, பயம் என்பதா? இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க அவளுக்கே தெரிந்திருக்குமா?

தமிழ்நாட்டில் 1989இல் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்துவைத்தது. சட்டம் இத்தனை தூரம் நடந்து வந்துவிட்டது. நம் பதிவு அலுவலகங்களில் அக்கா தங்கைகள் இன்றும் வரிசையில் நின்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ. சொத்திலிருந்து பெண்ணை விடுவிப்பதற்கு விடுதலை என்று பெயர்.

போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனவள் அப்படியே கிழக்கு கிட்வாய் நகர் பக்கம் நடந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ், பின்முற்றம், சிலேட்டோடு உட்கார்ந்த வேப்பமரம் எதுவும் இப்போது இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கி அடுக்குமாடிக் கோபுரங்களாக எழுப்பிவிட்டார்கள். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்த இடம் எது என்று நின்று அடையாளம் பார்த்தேன். முடியவில்லை.

அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. மதுராவின் உடம்பில் நீதிமன்றம் காயத்தைத் தேடியது. நான் அம்மாவின் பத்திரத்தில் கொம்பைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் அந்தக் கோடு இல்லாமல் ஐந்து பக்கமும் சுத்தமாக இருந்திருந்தால், முழு மனதுடன் என்று எழுதியதை நம்பிக்கொண்டு நகலைத் திரும்பப் பைக்குள் வைத்திருப்பேன். அவள் மனம் கோணியது என்று நான் நம்புவதற்கு எனக்கும் ஒரு தடயம் வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "என்னைக் கேக்காம நீயா எதுக்குடி எனக்காக வருத்தப்படுறே? எங்கண்ணனுக்கு நான் கொடுத்தேன்" என்று அம்மா சொன்னாலும் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லும் உரிமையை அவளிடமிருந்து நான் பறித்துவிடக் கூடாது. அவள் தெரிந்தே கொடுத்திருந்தால், என் இரக்கம் அவளைச் சிறுமைப்படுத்துகிறது. தெரியாமல் கொடுத்திருந்தால், என் மௌனமும் அதில் சேர்த்தி. இதில் எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா 2009இல் போய்விட்டாள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பதினேழு வருஷம் கூடவே இருந்தாள். ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. உங்கள் அம்மா இருந்தால், அவர் அப்படியொரு தாளில் கையெழுத்துப் போட்டவராக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

நகலின் கடைசிப் பக்கத்தில் சாட்சி இரண்டு என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. சாட்சிக்குச் சட்டத்தில் உள்ள வேலை, கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வது மட்டும்தான். பார்த்தேன்.