விளையாட்டு வீரரும் முகஸ்துதியும்

ஓட்டப் பந்தயத்தில் கல்லூரி அளவில் முன்னேறி வரும் தம் மகனைப் பற்றி ஒரு தந்தை நம்மிடம் கேட்டார். "உன் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திற, ஓடுவதையும் பயிற்சி செய்வதையும் நாள்தோறும் போடு, பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தால்தான் ஸ்பான்ஸர் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்" என்று பயிற்சியாளர் சொல்கிறாராம். ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு ஓடுவதைப் படம் பிடித்துப் போட்டால் இன்னும் நன்றாகப் பரவும் என்றும் யோசனை கூறினாராம். பையன் மத்ரஸாவில் ஓதியவன். 'இது முகஸ்துதி ஆகாதா?' என்று தயங்குகிறான். மார்க்கம் என்ன சொல்கிறது என்பது தந்தையின் வினா.

இப்படித் தயங்கும் பிள்ளையைக் கொடுத்ததற்காக அந்தத் தந்தை அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தட்டும். ஆனால் தயக்கம் மட்டுமே ஃபத்வா ஆகிவிடாது.

விளையாட்டு வீரரின் பிழைப்பு எத்தகையது என்பதை முதலில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அவருடைய தொழிலுக்கு ஆயுள் குறைவு. முப்பதைத் தாண்டினால் பலருக்குக் கால் தளர்ந்து விடுகிறது. இடையில் ஒரு தசைநார் கிழிந்தால் அன்றோடு முடிந்து போவதும் உண்டு. கிரிக்கெட், கால்பந்து போன்ற சில ஆட்டங்களை விட்டால் மற்றவற்றில் பெரும்பாலோருக்கு நிலையான சம்பளமே கிடையாது. காலணிக்கும், உணவுக்கும், பயணத்திற்கும் யாரேனும் ஒரு வணிகர் பணம் போட்டாக வேண்டும். அவரோ ஓட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஓடுபவரின் முகத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றும் கணக்குப் பார்க்கிறார். அமெரிக்காவில் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருள் ஈட்டக் கூடாது என்று நெடுங்காலம் தடை இருந்தது. அதே மாணவர்களின் ஆட்டத்தைக் காட்டிக் கல்லூரிகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் கோடி கோடியாகச் சம்பாதித்தன. 2021 ஜூலை 1 முதல்தான் அத்தடை நீங்கிற்று. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அந்தப் பழைய தடையை நியாயம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் ஒருவர் தம் திறமையைத் தாமே எடுத்துச் சொல்வது ஆகுமானதா? எகிப்து மன்னரிடம் யூஸுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தருமாறு கேட்டபோது, தாம் காக்கத் தெரிந்தவர், விவரம் அறிந்தவர் என்று தம்மைப் பற்றித் தாமே கூறினார்கள். குர்ஆன் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் புகழாசையையும் முகஸ்துதியையும் ஒரே பகுதியில் வைத்து ஆராயும் இடத்தில் இந்நிகழ்ச்சியையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். செல்வம் என்பது பொருள்களை உடைமையாக்குவது என்றால், செல்வாக்கு என்பது மனித உள்ளங்களை உடைமையாக்குவது என்பது அவர்களின் விளக்கம். தன்னிடம் உண்மையாகவே உள்ள தகுதியைக் காட்டி மக்கள் உள்ளத்தில் இடம் தேடுவது ஆகும். இல்லாத தகுதியைக் காட்டித் தேடுவது ஹராம், அது மோசடி. வணக்கத்தைக் காட்டித் தேடுவதும் ஹராம், அதுதான் முகஸ்துதி. கைப்பேசியைக் கனவிலும் காணாத காலத்து இமாம் வகுத்த இந்த அளவுகோல் நம் கேள்விக்கு அப்படியே பொருந்துகிறது!

ஆகவே அந்த மகன் தன் ஓட்டத்தைப் போடலாம், நேரத்தைப் போடலாம், தோற்ற பந்தயத்தையும் போட்டால் இன்னும் நல்லது. காசு கொடுத்துப் பின்தொடர்வோரை வாங்குவதும், ஊக்க மருந்தில் பெற்ற வேகத்தை உழைப்பென்று காட்டுவதும் எடையில் மோசம் செய்யும் வணிகத்தைச் சேர்ந்தவை. இதில் நீண்ட பேச்சுக்கு இடமில்லை. (நிழற்படம் கூடுமா என்பதில் உலமாக்களுக்கிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறியாமல் இல்லை. அது தனியே எழுத வேண்டிய பொருள்.)

ஸ்பான்ஸர் விஷயத்தில் நமக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. தென்னாப்பிரிக்க அணியில் ஆடிய ஹாஷிம் ஆம்லா, அணிக்குப் பணம் கொடுத்த பீர் நிறுவனத்தின் சின்னத்தைத் தம் சட்டையில் அணிய மறுத்தார், வாரியமும் இணங்கிற்று. நியூஸிலாந்தின் ரக்பி வீரர் ஸன்னி பில் வில்லியம்ஸ் 2017-ல் தம் சட்டைக் கழுத்திலிருந்த வங்கிச் சின்னத்தை ஒட்டுத்துணியால் மறைத்துக்கொண்டு ஆடினார். வட்டியும் மதுவும் சூதும் தம் உடலின் மேல் விளம்பரமாவதை அவர் விரும்பவில்லை. பிறகு அதற்கும் அனுமதி கிடைத்தது. மறுத்ததால் இருவருக்கும் ஆட்டம் போய்விடவில்லை.

சிக்கல் வணக்கத்தில்தான் இருக்கிறது. முஹம்மத் ஸலாஹ் 2017-ல் லிவர்பூல் கால்பந்து அணியில் சேர்ந்தார். கோல் போட்டதும் மைதானத்திலேயே ஸஜ்தா செய்தார். கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் இதை ஆராய்ந்து, அவர் வந்த பின் அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள், இல்லாவிட்டால் இருந்திருக்கக் கூடிய அளவைவிட 16 சதவீதம் குறைந்தன என்று கண்டனர். ஆயிரம் மேடைப் பேச்சுகளால் ஆகாததை ஒருவரின் நெற்றி சாதித்தது என்று நாம் மகிழ்கிறோம். (ஸஜ்தா ஷுக்ருக்கு உளூ, கிப்லா, அவ்ரத் பற்றிய சட்டங்கள் உள்ளன, அவற்றுக்குள் இங்கே நாம் நுழையவில்லை.) அப்படியானால் வணக்கத்தைக் காட்டுவது நன்மைதானே என்று ஒருவர் கேட்கலாம்.

ஸலாஹ் ஸஜ்தாவுக்காகக் காமிராவை அழைக்கவில்லை. அருள் கிடைத்த இடத்தில் நன்றி செலுத்தினார். காமிரா முன்பே அங்கே இருந்தது. மக்கள் பார்க்கிறார்களே என்று அதை விட்டிருந்தால், அவர்களுக்காக விட்ட குற்றம் வந்திருக்கும். மக்களுக்காக ஒரு நற்செயலை விடுவதும் முகஸ்துதியே என்று ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) போன்ற பெரியோர் எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சியாளர் கேட்பது வேறு. நோன்பைப் படத்திற்காக ஏற்பாடு செய்யச் சொல்கிறார். நோன்போ பிறர் கண்ணுக்குத் தெரியாத வணக்கம். வாய் திறந்து சொன்னாலன்றி யாருக்கும் தெரியாது. அதன் கூலியைத் தானே கொடுப்பதாக அல்லாஹ் தன்னோடு சேர்த்துக்கொண்ட அந்த வணக்கத்தையா ஸ்பான்ஸரின் கூலிக்கு மாற்றுவது? பயிற்சி நேரத்தை மாற்றிக்கொள்வதற்காக, தான் நோன்பு என்று பயிற்சியாளரிடம் சொல்லட்டும். அது தேவை. படம் வேண்டாம். அதனால் சில ஆயிரம் பேர் குறைந்தால் குறையட்டும்.

பெயருக்குக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்தப் பிள்ளை யோசிக்க வேண்டும். முஹம்மத் அலீ கைப்பேசி இல்லாத காலத்தில் தம் நாவினாலேயே தம்மை உலகுக்கு அறிவித்தவர். அந்தப் பெருமைப் பேச்சை நாம் மாதிரியாகக் கொள்ளச் சொல்லவில்லை. ஆயினும் 1967-ல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டத்தை இழந்து, 1970 வரை வளையத்துக்குள் இறங்க முடியாமல் நின்றார். அவர் பெயருக்கு மதிப்பை ஈட்டியது அந்த மூன்றரை ஆண்டு இழப்பும்தான். 2002-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதிக்க முன்வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரை மக்கள் மிதிக்கக் கூடாது என்றார். ஆகவே அது மட்டும் சுவரில் பதிக்கப்பட்டது. 2006-ல் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமையில் 80 சதவீதத்தை 5 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்திடம் விற்றார். விற்பனை குற்றம் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் ஒருவர் பெயரின் பெரும் பங்கு பிறர் கைக்குப் போய்விடும் காலம் இது என்பதை அறிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற ஒட்டகம் இருந்தது. அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெருந்துயராகி விட்டது. அவர்கள் முகத்தில் அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று உணர்த்தினார்கள். நாயகத்தின் ஒட்டகத்திற்கே விதிவிலக்கு இல்லை. முதலிடத்தையே தன் பெயராக்கிக் கொண்டவனுக்கு முந்தப்படும் நாளில் என்ன மிஞ்சும்? பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் காலையில் கண் விழித்ததும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அன்றைய தோல்வி காலோடு நில்லாமல் உள்ளத்திலும் இறங்கி விடும்.

தந்தை கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பந்து வீசுவதையும் கராத்தே செய்வதையும் பெற்றோரே பக்கம் திறந்து போட்டு வருகின்ற வீடுகள் நம்மிடையே பெருகியுள்ளன. அந்த வயதில் பிள்ளைக்கு நிய்யத்து ஏது? முகஸ்துதி என்றால் என்னவென்று அறியுமுன்பே அவன் கைதட்டலுக்குப் பழகிவிடுகிறான். அப்படி ஒரு பக்கம் இருந்து, பருவமடைந்த பின் அவன் அதை மூடச் சொன்னால் மூடிவிட வேண்டும். அதன் மூலம் வந்த வருமானம் பெற்றோருடையதன்று, பிள்ளையின் சொத்து. அவனுக்காக அதைக் கணக்கு வைத்துக் காப்பது பெற்றோர் மேல் கடமை.