தேய்ப்பதா, காப்பதா?

பழைய பொருளைப் புதுப்பிப்பது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் எதை நீக்குவது, எதைக் காப்பது என்ற வினா எழுந்தவுடன், அது தச்சுத் தொழிலைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது.

கண்டி நகரில் பழம்பொருட் கடையொன்றில், யுக்குலேலே என்னும் நான்கு தந்திச் சிறு வாத்தியம் ஒன்றை வாங்கினேன். மெருகு மங்கியிருந்தது, விளிம்பை அலங்கரித்த பட்டி ஓரிடத்தில் கழன்றிருந்தது. முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்துப் புத்தம் புதிதாக்க முனைந்தேன். கட்டுகஸ்தோட்டைத் தச்சர் ஒருவர் தடுத்தார். மேற்பலகை மிக மெல்லியது; மேலும் தேய்த்தால் ஓசை கெடும் என்றார். கழுத்திலிருந்த தேய்வைக் காட்டி, "மாஸ்டர், இது அழுக்கில்லை, வாசிச்சவங்க கை பட்ட இடம்" என்றார். ஆனால் விளிம்புப் பட்டியை உடனே மாற்றச் சொன்னார். அது வெறும் அலங்காரமன்று. பலகையின் ஓரத்தில் ஈரம் ஏறாமலும் அடிபடாமலும் காப்பது அதுவே.

இதை வாசித்தவர் யாரென நான் அறியேன். ஆயினும் இவ்வாத்தியம் பிறந்த கதை தோட்டத் தொழிலாளரின் கதையே ஆகும். 1879ஆம் ஆண்டு, ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை மதெய்ராத் தீவிலிருந்து ஏற்றிவந்த கப்பல் ஹொனலூலுவை அடைந்தது. அதில் வந்த மனுவேல் நூனெஸ் முதலிய மூன்று தச்சர்களே, தம் ஊர்ச் சிறு கித்தாரைத் தழுவி யுக்குலேலேயைச் செய்தனர். அங்கே கரும்பு, இங்கே கண்டி மலைகளில் முதலில் கோப்பி, 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய பின்னர் தேயிலை. கடல் வேறாயினும், வயிற்றுக்காக ஊரைத் துறந்த துயரம் ஒன்றன்றோ?

கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகள் சில, 2007 முதல் தோட்டத் தொழிலாளரின் அருங்காட்சியகமாகக் காக்கப்படுகின்றன. வறுமையின் சின்னத்தையா காப்பது என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. மனிதர் இன்றும் வாழும் லயனைப் பழமையெனப் போற்றுவது கொடுமை. அங்கே வேண்டியவை நல்ல வீடும் நிலவுரிமையும். ஆனால் அவ்வீடு எழும்போது, லயனில் வாழ்ந்தோரின் நினைவையும் சேர்த்து இடித்துவிடுவோமாயின், அவர்களின் உழைப்பை இரண்டாம் முறை பறித்தவராவோம்.

வாழ்வைக் கெடுப்பதை மாற்றவேண்டும். வாழ்ந்ததற்குரிய சான்றைக் காக்கவேண்டும். இரண்டையும் பிரித்தறிவதே புதுப்பிப்போரின் கடமை.

என் வாத்தியத்தில் இன்று விளிம்பு புதியது. கழுத்தின் தேய்வு அப்படியே இருக்கிறது. என் விரல்களும் அங்கேதான் பதிகின்றன.