சுவருக்குள் இருக்கும் உயிர்கள்

நன்மை கருதித் தொடங்கிய ஒரு செயலில், செய்பவன் நினையாத ஓர் உயிர் மாண்டால் அப்பழி யாரைச் சாரும்? இவ்வினா நமக்குப் புதியதன்று. கொழுமுனையில் நசுங்கும் புழுவையும் விளக்கில் விழும் விட்டிலையும் எண்ணி, உழவைத் தொழிலாகக் கொண்ட நம் முன்னோர் நெடுங்காலம் சிந்தித்திருக்கின்றனர். ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் பெர்லின் நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரை அண்ணாந்து பார்த்து நின்றபோது, அப்பழைய வினா எனக்குப் புதிதாகவே தோன்றியது.

என் மூத்த மகன் பணியின் பொருட்டு அந்நகரில் குடும்பத்துடன் வாழ்கிறான். பேத்தியைக் காண நானும் என் துணைவியாரும் மே மாத நடுவில் சென்று ஆகஸ்டு இரண்டாம் வாரம் வரை தங்கினோம். வீடு இருப்பது கிழக்குப் பகுதியான லிக்டன்பெர்க்கில். ஜெர்மனி இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்த 1970களில், கிழக்கு ஜெர்மனி அரசு வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க ஒரு வழி கண்டது. சன்னலுக்கு இடம் விட்டு முழுச் சுவரையே தொழிற்சாலையில் கான்கிரீட் பலகையாக வார்த்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனால் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திவிடுவார்கள். விரைவாக எழுந்த கட்டடங்கள்; பல்லாயிரம் குடும்பங்களுக்கு நிழல் தந்தவை. அவற்றை ஏளனம் செய்வோர் உண்டு. எனக்கு அவற்றின்மேல் மதிப்பே தோன்றியது. ஆயின் ஒரு குறை. பலகைக்குள் வெப்பத்தைத் தடுக்க வைத்த பொருள் சில சென்டிமீட்டர் கனமே உடையது. பலகையும் பலகையும் கூடும் மூட்டுகளில் காலப்போக்கில் இடைவெளிகள் விழுந்தன. உறைபனிக் காலத்தில் வீட்டின் சூடு இவற்றின் வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று மகனைக் கேட்டேன். கிழக்குப் பெர்லின் குடியிருப்புகளுக்குக் குழாய் வழியே சுடுநீர் அனுப்பும் கிளிங்கன்பெர்க் என்னும் பெரிய மின்நிலையத்தைப் பற்றிச் சொன்னான். 2017 மே மாதம் வரை அங்கே பழுப்பு நிலக்கரி எரிக்கப்பட்டது. அதன்பின் இயற்கை எரிவாயு. பழுப்பு நிலக்கரி லௌசிட்ஸ் என்னும் தென்கிழக்கு வட்டாரத்தின் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. சுரங்கத்துக்காக அவ்வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்டன. அவற்றுட் பல, சோர்பியர் என்னும் சிறுபான்மை இனத்தாரின் ஊர்கள். சமைப்பதற்குத் தீ மூட்டுவது இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதது. குளிர் நாட்டில் அறையைச் சூடாக்குவதும் அத்தகையதே. தெருவைச் சூடாக்கத் தீ மூட்டுவது எத்தேவைக்கு? பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதலைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்து, அநர்த்த தண்ட விரதி எனப் பெயரிட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. எனவே சுவரை அப்படியே விட்டுவிடுவது தீங்கற்ற செயல் என்று எவரும் எண்ணிவிடலாகாது. சும்மா இருத்தலிலும் இம்சை உண்டு.

ஆதலால் அக்கட்டடங்களை இடிக்காமல் வெளியே ஒரு போர்வை போர்த்துகின்றனர். நாம் தெர்மகோல் என்று வழங்கும் பொருளால் அல்லது கல்நாரினின்று வேறான, பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளியால் ஆன கனத்த பலகைகளைப் பழைய சுவரின்மேல் ஒட்டி, ஆணியால் இறுக்கி, கண்ணாடி இழை வலை பதித்து, மேலே பூச்சுப் பூசுகின்றனர். குடியிருப்போர் வெளியேற வேண்டியதில்லை. சன்னலும் கூரையும் சேர்த்துச் செம்மையாகச் செய்தால் சூடாக்கும் செலவு பாதியாகக் குறையவும் கூடும். ஜெர்மனியின் மொத்த ஆற்றல் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டடங்களுக்கே போகிறது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

மகனின் கட்டடத்துக்கும் அவ்வாண்டு சாரம் கட்டியிருந்தார்கள். தெருப்பக்கம் வேலை விரைந்து நடந்தது. முற்றத்தை நோக்கிய பக்கமோ வெறுமையாகக் கிடந்தது. மாலைதோறும் ஒருவர் பைனாகுலருடன் மடக்கு நாற்காலியில் அமர்ந்து மேல்மாடி மூட்டுகளைப் பார்த்து ஏதோ குறித்துக்கொள்வார். வீட்டு நிறுவனம் அமர்த்திய பறவை அறிஞர் அவர். மூட்டு இடைவெளிகளில் உழவாரன் என்னும் பறவைகள் கூடு வைத்திருந்தன. அவை ஆகஸ்டில் புறப்படும் வரை அப்பக்கம் தொடக்கூடாது என்பது ஏற்பாடு.

நம் கோயில் கோபுரங்களிலும் பனையோலைகளிலும் கூடு கட்டும் உழவாரன்களின் இனமே அது. மே மாதத் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே வருகிறது. மூன்று திங்கள் தங்கிக் குஞ்சு பொரித்துத் திரும்புகிறது. கூட்டில் இருக்கும் காலம் தவிர ஏறக்குறைய எப்போதும் வானிலேயே வாழ்கிறது. இரையும் அங்கே, உறக்கமும் அங்கே. தரையில் அதற்கு எந்த உடைமையும் இல்லை, ஒரு விரிசலைத் தவிர. அவ்விரிசலுக்கே ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. சாரத்தின்மேல் வலை கட்டினால் தாய்ப்பறவை உள்ளே போக வழியின்றிக் குஞ்சுகள் பசியால் மடியும். பலகையை ஒட்டிவிட்டால் உயிரோடு சமாதிதான். வௌவால்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றுட் சில இனங்கள் இத்தகைய மூட்டுகளில் குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன; விழித்துத் தப்புமுன் வாயில் அடைபட்டுவிடும்.

ஜெர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இவ்விருப்பிடங்களைக் காக்கிறது. பறவை ஊரில் இல்லாத மாதங்களிலும் அதன் விரிசலை மனம்போல் அடைக்க முடியாது. அடைத்தால் மாற்றிடம் தரவேண்டும். புதிய பலகைக்குள்ளேயே சிறு கூட்டுப் பெட்டிகளைப் பதித்துத் துளை மட்டும் தெரியும்படி விடுகின்றனர்.

முற்றத்து மரத்தடியில் மாலையில் கூடும் முதியவர்கள் நடுவே இதைப்பற்றிப் பேச்சு எழும். மகன் எனக்கு மொழிபெயர்ப்பான். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சினத்துடன் சொன்னார்: "நாற்பது குடும்பங்கள் இரண்டு மாதம் சாரத்துக்குப் பின்னால் இருட்டில் கிடக்கிறோம், பத்துப் பறவைகளுக்காக." அவர் கொடியவர் அல்லர். ஜூன் இறுதியில் அங்கே அடித்த வெயில் நம் வந்தவாசிக் கோடையை நினைவூட்டியது; மின்விசிறியும் இல்லாத வீடுகள். அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெரிய நன்மைக்குச் சிறிய இழப்பைப் பொறுத்தால் என்ன?

கொல்லும் எண்ணம் இல்லை என்பது பாதி விடையே. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதத்தை, அதாவது கருத்தின்மையை, முன்னே வைக்கிறது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளும், நடத்தல், பேசுதல், உண்ணுதல், ஒரு பொருளை எடுத்து வைத்தல் முதலிய எளிய செயல்களில் பார்த்துச் செய்க என்பவையே. கான்கிரீட் மூட்டின்மேல் பலகை வைப்பதும் ஒரு பொருளை வைப்பதுதானே! பார்த்திருந்து, வேறு வழியே இல்லாமல் நேர்ந்த இழப்பு ஒன்று. சில மாலை நேரம் நாற்காலியில் அமர்ந்து பார்க்க மனமின்றி நேர்ந்த இழப்பு மற்றொன்று. பெட்டி பதித்தும் பயனில்லை, பறவையா போர்வையா என்ற நிலையே வந்திருந்தால் நான் எப்பக்கம் நிற்பேன்? போர்வையின் பக்கமே நிற்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அதைக் கடனாக எழுதி வைப்பேன். இலாபமாக எழுத மாட்டேன். பொறியாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

கருத்தின்மை பறவையோடு நிற்பதும் இல்லை. இலண்டன் நகரில் 1974இல் கட்டி முடித்த கிரென்ஃபெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்புக்கும் இப்படித்தான் புதிய வெளிப்போர்வை போர்த்தினார்கள். பணி 2016இல் முடிந்தது. துத்தநாகத் தகடு வைப்பதாக இருந்ததை மாற்றி, நடுவில் பாலித்தீன் வைத்த அலுமினியத் தகட்டைத் தேர்ந்ததில் ஏறக்குறைய 2,93,000 பவுன் மிச்சமாயிற்று. 2017 ஜூன் 14 அன்று நான்காம் மாடியில் ஒரு குளிர்பதனப் பெட்டியில் பற்றிய தீ அப்போர்வையைப் பிடித்துக்கொண்டு மேலேறியது. 72 பேர் மாண்டனர். தங்கள் கட்டடம் பாதுகாப்பாக இல்லையென்று குடியிருப்போர் முன்னரே முறையிட்டிருந்தனர். கேட்பாரில்லை. அங்கும் எவருக்கும் கொல்லும் எண்ணம் இருந்ததில்லை.

முற்றத்தில் மற்றொருவரும் அமர்வார். மூன்றாம் மாடியில் தனித்து வாழ்ந்த மூதாட்டி. கட்டடம் எழுந்த நாள் முதல் அங்கேயே இருப்பவர். உழவாரன் வந்த நாளை ஆண்டுதோறும் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைப்பவர். "பறவைக்கு மாற்று வீடு கட்டித் தருகிறார்கள், மகிழ்ச்சி. எனக்கு யார் தருவார்கள் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்" என்றார் மகனிடம். எனக்கு விடை தெரியவில்லை.

அவர் கவலை வாடகை. இத்தகைய மேம்பாட்டுக்குச் செய்த செலவில் நூற்றுக்கு எட்டு விழுக்காட்டை ஆண்டு வாடகையில் ஏற்றிக்கொள்ள வீட்டு உடைமையாளருக்கு அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 2018 வரை அது பதினொன்று. உச்ச வரம்பு உண்டு எனினும், செலவு முழுதும் வசூலான பின்னரும் ஏற்றிய வாடகை இறங்குவதில்லை. கணக்குக்காக ஒரு வீட்டுக்கு 15,000 யூரோ செலவு என்று கொள்வோம். மாதம் 100 யூரோ வாடகை கூடும். சூடாக்கும் செலவில் 40 யூரோ குறைந்தால், குடியிருப்பவர்க்கு மாதம் 60 யூரோ நட்டம்.

மூதாட்டிக்கு அந்த 40 யூரோவும் குறையாது. அவர் குளிர்காலத்தில் சமையலறையை மட்டும் சூடாக்கி, கம்பளிச் சட்டை இரண்டு அணிந்து வாழ்பவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனி வீடுகளில் உண்மையான வெப்பச் செலவு, கட்டடக் கணக்குக் காட்டுவதைவிடச் சராசரியாக 30 விழுக்காடு குறைவென்று கண்டனர். சுவர் எவ்வளவு கெட்டதோ அவ்வளவு சிக்கனமாகவே மக்கள் வாழ்கின்றனர். ஆகவே கணக்கில் காட்டிய சேமிப்பின் ஒரு பகுதியை அம்மக்கள் தம் உடலின் குளிரால் முன்பே சேமித்துவிட்டனர். அளவோடு வாழ்ந்தவர்க்குப் போர்வையால் வரும் ஊதியம் குறைவு. அவர் செலுத்தும் பங்கோ அறைதோறும் சூடாக்கி அரைக்கால் சட்டையுடன் உலவியவர் செலுத்துவதற்குக் குறைவதில்லை. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் உறுத்தியது. பறவையின் விரிசலைப் பார்க்க ஓர் அறிஞரை அமர்த்தியவர்கள், மூதாட்டியின் மின்சார, வெப்பக் கட்டணச் சீட்டை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. நெதர்லாந்து நாட்டில், தொழிற்சாலையில் ஆயத்தம் செய்த புறச்சுவரைக் கொண்டுவந்து சில நாட்களில் பொருத்திவிட்டு, இனி இவ்வளவே ஆற்றல் செலவாகும் என்று பல்லாண்டுகளுக்கு உறுதியும் தரும் முறை உண்டு. அவ்வுறுதியின்மேல், குடியிருப்போர் எரிபொருளுக்குக் கொடுத்துவந்த தொகைக்கு ஈடாக ஒரு கட்டணத்தை வீட்டு நிறுவனம் பெற 2016இல் சட்டம் செய்தனர். மாதச் செலவு கூடாதிருப்பதே நோக்கம். எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. ஆயினும் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்று பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் புறப்பட்ட வாரத்தில் உழவாரன்கள் போய்விட்டன. ஒரு காலை வானம் ஓசையின்றி இருந்தது. மறுநாள் முற்றத்துப் பக்கம் ஆட்கள் ஏறினார்கள். மறுஆண்டு மே மாதத்தில் மகன் எழுதினான்: பறவைகள் வந்து, பழைய விரிசல் இருந்த இடத்திலேயே புதுச் சுவரில் மோதி மோதித் திரும்புகின்றன, பெட்டிகளுள் இரண்டைச் சிட்டுக்குருவிகள் பிடித்துக்கொண்டன. 2022இல் ஓர் இணை ஒரு பெட்டிக்குள் புகுந்து குஞ்சும் பொரித்ததாம். மூதாட்டி அதற்கு முந்திய ஆண்டே வீட்டைக் காலி செய்துவிட்டார். நகரத்தின் வெளிப்புறத்தில் சிறிய வீடொன்று கிடைத்ததென்று யாரோ சொன்னார்களாம். பறவை திரும்பிய செய்தியை அவருக்கு எழுத வேண்டும் என்று பேத்தி கேட்கிறாளாம். முகவரியை எவரும் வாங்கி வைக்கவில்லை.