ஓடாத ஊர்தியும் மிகுபொருள் விரும்பாமையும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகிய நான்கிலும் எது குற்றம் என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். ஐந்தாவதில் எல்லை எங்கே என்று கேட்டால் கற்றோரும் சற்றுத் தயங்குவர். பத்துப் பசு வைத்திருப்பவன் நெறி பிறழ்ந்தவனா, பதினோராவது பசுவை வாங்குபவன் பிறழ்ந்தவனா? இத்தகைய வினாக்களை மாணவர்க்கு விளக்க, மிதமான எடுத்துக்காட்டைவிட மிகையான எடுத்துக்காட்டே உதவும் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நமக்குக் கற்பித்தனர். அத்தகைய மிகையான ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தின் மெக்லாரன் நிறுவனம் 1992 முதல் 1998 வரை ‘எஃப் 1’ என்னும் மோட்டார் காரைச் செய்தது. கார்டன் மர்ரே என்னும் பொறியாளர் அதனை வடிவமைத்தார். ஓட்டுபவர் நடுவில் அமர, அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இருவர் அமரலாம். எஞ்சினின் வெப்பத்தைத் தடுக்க அதன் அறைக்குள் மெல்லிய பொன் தகடு ஒட்டினர். காருக்கு ஏறத்தாழ 16 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுன்! மொத்தம் உருவானவை 106. சாலையில் ஓட்டுவதற்கான சாதாரண வகை 64 மட்டுமே. 1998 மார்ச்சில் ஜெர்மனியின் சோதனைப் பாதை ஒன்றில் அக்கார் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

இவற்றுள் ஒன்று 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பெபிள் பீச்சில் ஏலம் விடப்பட்டது. விலை 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 150 கோடி ரூபாய். கால் நூற்றாண்டுக் காலத்தில் அக்கார் ஓடியிருந்த தொலைவு சுமார் 390 கிலோமீட்டர். அதன் இனம் தொட்ட உச்ச வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தொலைவு அது. அத்துணைப் பெரிய விலை வந்ததற்கு முதன்மையான காரணமும் அதுவே. ஓடாதிருந்ததற்கே விலை கொடுத்தனர்.

அயல்நாட்டில் பணிபுரியும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர் இச்செய்தியைக் குறிப்பிட்டு நமக்கு எழுதியிருந்தார். அவர் வாதம் இது: “ஓட்டினால் எரிபொருள் எரிகிறது, புகை எழுகிறது, சக்கரத்தின் கீழும் முகப்பு விளக்கின் முன்னும் எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன. ஓட்டாமல் வைத்திருப்பவர் இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. நேர்மையாக ஈட்டிய பொருளைக் கொடுத்து வாங்கினார், எவரையும் வஞ்சிக்கவில்லை. அவரை எவ்வாறு குறை கூறுவீர்கள்?”

வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. கொல்லாமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், பூட்டிய கொட்டகையில் நிற்கும் ஊர்தி நாள்தோறும் அலுவலகத்திற்கு ஓடும் ஊர்தியைவிடக் குற்றம் குறைந்தது என ஒப்புக்கொள்ளவே வேண்டும். (முழுதும் அவ்வாறன்று. நின்றுகொண்டிருந்தாலும் ஊர்தி கெடும். ரப்பர் இறுகும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், மின்கலம் தன் மின்னாற்றலை இழக்கும். ஆகவே இத்தகைய கார்களைக் குளிரும் ஈரமும் அளவாக உள்ள அறையில் வைத்து, இடைவிடாது மின்னூட்டிப் பேணுகின்றனர். ஓடாததற்கும் செலவுண்டு.) ஆயினும் மிகுபொருள் விரும்பாமையைக் கொல்லாமைக்குள் அடக்கிவிடாமல் தனி விரதமாக நம் ஆசாரியர்கள் வகுத்தனர் என்பதை அவ்விளைஞர் எண்ணிப் பார்க்கவில்லை.

உமாஸ்வாமிகள் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறும்போது பொருளின் அளவையோ விலையையோ சொல்லவில்லை. மூர்ச்சை என்னும் சொல்லை ஆண்டார். தமிழில் நினைவிழந்து விழுவதை அச்சொல்லால் குறிக்கிறோம். பொருளின்மேல் ‘எனது’ என்று எழும் மயக்கமே அங்கே கருதப்பட்டது. இம்மயக்கத்தை வெளியிலிருந்து அளப்பது அரிது. அரசன் அரண்மனையில் மயக்கமின்றி இருக்கலாம். இரவலன் ஓட்டின்மேல் மயங்கிக் கிடக்கலாம். ஆனால் இந்தக் காரில் அதனை அளக்க ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது! தொலைவு காட்டும் மானியைத்தான் கூறுகிறோம். உடையவர் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் ஊர்தியின் மதிப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. மழை வந்தால் அச்சம்; கல் தெறித்தால் அச்சம்; எண் ஒன்று கூடினால் அச்சம். அச்சத்தின் மிகுதி மயக்கத்தின் மிகுதியைக் காட்டுகிறது.

போகம், உபபோகம் என்னும் பகுப்பையும் நோக்குவோம். உணவு போல ஒருமுறை நுகர்ந்து தீர்வது போகம். ஆடை, ஊர்தி போல மீண்டும் மீண்டும் நுகர்வது உபபோகம். இவற்றிற்கு எல்லை வகுத்துக்கொள்ளும் விரதத்தில் சமந்தபத்திராசாரியார் வாகனத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார். நுகர்ச்சி உண்டு என்னும் அடிப்படையில்தான் அளவு வகுக்கப்பட்டது. நுகரவே நுகராத பொருள் இவ்விரண்டில் எதிலும் அடங்காது. இன்பம் தருகிறது என்னும் சமாதானம்கூட அதற்கு இல்லை. நம் வீட்டுப் பீரோக்களில் இருமுறையே உடுத்திய பட்டுப் புடவைகளும் பரண்களில் துணி சுற்றிய வெண்கலப் பானைகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே; விலையில்தான் வேறுபாடு.

‘பேணிக் காப்பதும் ஒரு தொண்டன்றோ?’ என்பார் உளர். இதிலும் உண்மை உண்டு. ஒன்று பழுதின்றி நின்றால்தான் பிற்காலத்துப் பொறியாளர் அதன் ஒவ்வொரு உறுப்பும் தொடக்கத்தில் எவ்வாறு இருந்தது என அறிவர். நம் முன்னோர் ஏடுகளைக் காத்திராவிடில் எத்தனையோ நூல்கள் நமக்குக் கிடைத்திரா. ஆனால் அவர்கள் பிறர் படிப்பதற்காகக் காத்தனர். ஏடு நைந்தால் படியெடுத்து வழங்கினர். அடுத்த ஏலத்திற்காகக் காப்பது வேறு.

இதே வகைக் காரை வேறுவிதமாகக் கையாண்டவரும் உண்டு. ‘மிஸ்டர் பீன்’ வேடத்தால் நம் குழந்தைகளும் அறிந்த ரோவன் அட்கின்சன் 1997இல் ஒன்றை வாங்கினார். ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். 2011இல் விபத்துக்குள்ளாகி, காப்பீட்டு நிறுவனம் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு கொடுத்துச் செப்பனிட நேர்ந்தது. அதன் பின்னும் ஓட்டினார். 2015இல் அவர் அதை விற்றபோது எண்பது லட்சம் பவுண்டு அளவில் விலை கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. இவரைச் சிராவகர் என்று நாம் புகழவில்லை. அவர் எரித்த பெட்ரோலும், அவ்வேகத்தில் மடிந்த உயிர்களும் கணக்கில் நிற்கும். எனினும் பொருளுக்கும் தமக்கும் உள்ள உறவில் அவர் ஆண்டவர், மற்றவர் ஆளப்பட்டவர். இரு குற்றங்களுள் எது பெரிது என நம்மைக் கேட்டால், இளைஞர் எதிர்பார்த்த விடையை நாம் தர இயலாது. ஓட்டியவரின் குற்றம் ஓட்டம் நின்றதும் நிற்கிறது. ஓட்டாதவரின் மயக்கம் அவர் உறங்கும்போதும் கொட்டகையில் விழித்திருக்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். நமது அருங்கலச்செப்பு பின்பற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், பொருளளவு விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் அளவுமீறிய வாகனமும் அளவுமீறிய சேமிப்பும் உண்டு. அவை ஏலம் எடுத்தவரைச் சாரும். விஸ்மயம் என்று மற்றொன்றும் உண்டு. பிறருடைய செல்வத்தைக் கண்டு வியந்து நிற்றல் அது. ‘150 கோடி’ என்று படித்தவுடன் நம்மில் எத்தனை பேர் அடுத்த வரிக்குச் செல்லாமல் அங்கேயே நின்றோம்? கல்யாண மண்டப வாயிலில் புதிய கார் வந்து நின்றதும் மணமக்களை விட்டுவிட்டு அதன் விலையை விசாரிக்கும் கூட்டத்தில் சிராவகரும் சிராவகியரும் இருக்கவே செய்கின்றனர்.

2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டட்கர்ட் நகரில், 1955ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவிற்கு விற்கப்பட்டது. அவ்வகையில் செய்யப்பட்டவை இரண்டே. வடிவமைத்த பொறியாளர் உலென்ஹாட் அதனை நிறுவனத்தின் சாதாரண வண்டி போலத் தம் பயணங்களுக்கு ஓட்டி வந்தார். விற்ற தொகையைக் கொண்டு, சுற்றுச்சூழல் துறையில் கற்கும் இளைஞர்க்கு உதவித்தொகை வழங்க நிறுவனம் நிதியம் தொடங்கியது. சிறப்பு நாள்களில் மக்கள் காண அதனைக் காட்சிக்கு வைக்க வாங்கியவர் இசைந்திருக்கிறார். அவர் பெயர் வெளியிடப்படவில்லை.